அரசுப் பல்கலைக்கழக வேலை அறிவிப்புகள்: எது நிரந்தரம், எது தற்காலிகம், யார் எதற்கு விண்ணப்பிக்கலாம்?

கேள்வி: தேவிபட்டினத்துப் பட்டதாரி

அனைவருக்கும் வணக்கம். தேவிபட்டினத்துக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய மீனவக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவள் நான். கடல் உயிரியலில் எம்.எஸ்சி. முடித்திருக்கிறேன், உதவிப் பேராசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வான நெட் இன்னும் எழுதவில்லை. தம்பி பி.காம். முடித்துவிட்டு, தட்டச்சில் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் (உயர்நிலை) தேறி, ராமநாதபுரத்தில் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் குறைந்த சம்பளத்துக்கு வேலை பார்க்கிறான். இருவருமே அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் வேலைக்கு முயலலாம் என்று நினைக்கிறோம். எங்களுக்கு வடக்கே தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் மற்றும் கடலோரப் பகுதி ஆய்வுத் துறை இருக்கிறது. தெற்கே மண்டபத்தில் மத்திய அரசின் கடல் ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கின்றன. இவ்வளவு பக்கத்தில் இருந்தும், இத்தகைய இடங்களில் ஆள் எடுப்பது எப்படி, என்னென்ன பதவிகள் உள்ளன என்பதை எடுத்துச் சொல்ல எங்கள் உறவில் யாரும் இல்லை. குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் தலைமுறை நாங்கள்தான்.

பல பல்கலைக்கழகங்களின் இணையதளங்களில் அறிவிப்புகளைத் தேடிப் படித்தேன். ஒன்றில் ‘தொகுப்பூதியத்தில் தற்காலிகப் பணி’ என்றும், இன்னொன்றில் ‘ஆய்வுத் திட்டம் முடியும் வரை மட்டும்’ என்றும், மற்றொன்றில் ‘இனச்சுழற்சி’ என்ற தலைப்பின் கீழ் சுருக்கெழுத்துகள் நிறைந்த ஓர் அட்டவணையும் இருந்தன. எந்த அறிவிப்பு எனக்கானது, எது தம்பிக்கானது, எதில் சேர்ந்தால் பின்னாளில் நிலைக்க முடியும் என்று பிரித்தறியத் தெரியவில்லை. முனைவர் பட்டம் இல்லாமல் உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிக்க முடியுமா என்பதிலும் ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சென்ற மாதம் ஒருவர் அப்பாவைத் தேடி வந்து, ஒரு பல்கலைக்கழகத்தின் பதிவாளர் அலுவலகத்தில் தமக்கு வேண்டிய ஆள் இருப்பதாகவும், முன்பணம் கொடுத்தால் தம்பிக்கு இளநிலை உதவியாளர் பணி உறுதி என்றும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். படகு என்ஜினை அடகு வைத்தாவது கொடுத்துவிடலாமா என்று அப்பா யோசிக்கிறார். விவரம் தெரிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில்: ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்

மகளுக்கு வணக்கம். தென்மாவட்டப் பல்கலைக்கழகம் ஒன்றில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, பிரிவுக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். மற்றதெல்லாம் பிறகு, முதலில் அப்பாவிடம் சொல்லுங்கள், ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். அந்த ஆள் மறுபடி வந்தால், ‘எந்தத் தேதியிட்ட அறிவிப்பு, அறிவிப்பு எண் என்ன?’ என்று மட்டும் கேளுங்கள். அறிவிப்பே வராத பணியிடத்துக்குப் பணம் கேட்கிறார் என்றால் அங்கே பணியிடமே இல்லை. அறிவிப்பு வந்த பணியிடம் என்றால், விண்ணப்பக் கட்டணத்தைப் பல்கலைக்கழகம் தன் கணக்கில் இணையவழியிலோ பதிவாளர் பெயருக்கு வரைவோலையாகவோ வாங்கிக்கொள்ளும். அதற்கு மேல் யாருக்கும் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. ஆதார், சான்றிதழ் நகல் எதையும் அவரிடம் கொடுத்துவிடாதீர்கள். அவருடைய தொலைபேசி எண்ணையும் வந்த நாளையும் எழுதி வைத்துக்கொண்டு, தொந்தரவு தொடர்ந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள்.

இனி பணியிடங்களைப் பற்றி. பல்கலைக்கழகத்தில் வேலை என்றதும் வகுப்பறைதான் நம் மக்களின் நினைவுக்கு வருகிறது. துணைவேந்தருக்குக் கீழே நிர்வாகத்தைப் பதிவாளரும், தேர்வுகளைத் தேர்வாணையரும், கணக்கு வழக்கை நிதி அலுவலரும் நடத்துகிறார்கள். இவர்களுக்குக் கீழே துணைப் பதிவாளர், உதவிப் பதிவாளர், கண்காணிப்பாளர், உதவியாளர், இளநிலை உதவியாளர், தட்டச்சர், சுருக்கெழுத்துத் தட்டச்சர், பதிவறை எழுத்தர், அலுவலக உதவியாளர் என்று ஒரு நீண்ட வரிசை இருக்கிறது. துறைகளில் ஆய்வக உதவியாளர், தொழில்நுட்ப உதவியாளர். நூலகத்தில் உதவி நூலகர். இவர்களைத் தவிர ஓட்டுநர், மின்பணியாளர், தோட்டப் பணியாளர், காவலர். ஒரு மாணவரின் மதிப்பெண் பட்டியல் பிழையில்லாமல் அவர் கையில் போய்ச் சேர்வதற்கு முன், ஆசிரியரல்லாத எத்தனையோ பேரின் கையெழுத்து அதற்குப் பின்னால் விழுந்திருக்கும். அது பொறுப்புள்ள வேலை. யாரும் அதை இரண்டாம் தரமாக நினைக்கக் கூடாது.

இந்தப் பதவிகள் ஒவ்வொன்றும் நான்கு வழிகளில் ஏதாவது ஒன்றில் நிரப்பப்படுகின்றன. அறிவிப்பைக் கையில் எடுத்ததும் நீங்கள் பார்க்க வேண்டியது இதைத்தான். முதலாவது, அரசு ஒப்புதல் பெற்ற நிரந்தரப் பணியிடம். இதற்கான அறிவிப்பில் ஊதிய நிலை குறிப்பிடப்பட்டிருக்கும், இனச்சுழற்சி விவரம் இருக்கும், வயது வரம்பு இருக்கும். இரண்டாவது, தொகுப்பூதியப் பணி: மாதத்துக்கு இவ்வளவு என்று ஒரே தொகை, அகவிலைப்படியோ ஆண்டு ஊதிய உயர்வோ கிடையாது, குறிப்பிட்ட மாதங்கள் முடிந்ததும் புதுப்பித்தாக வேண்டும். மூன்றாவது, வெளியிலிருந்து நிதி பெறும் ஆய்வுத் திட்டத்தில் வேலை. திட்டத்தோடு வேலையும் முடிந்துவிடும். நான்காவது, ஒப்பந்த நிறுவனம் வழியாக ஆள் அமர்த்துவது. இதில் உங்களுக்கு முதலாளி அந்த நிறுவனம்தான், பல்கலைக்கழகம் அல்ல. வேலை செய்யும் மேசை ஒரே அறையில் இருக்கலாம், ஆனால் சட்டத்தின் முன் இந்த நான்கு பேரும் நான்கு வகையினர்.

உங்களைக் குழப்பிய அட்டவணை 200 புள்ளி இனச்சுழற்சியைச் சேர்ந்தது, அதாவது எந்த வரிசை எண்ணில் வரும் பணியிடம் எந்த வகுப்புக்கு என்று முன்கூட்டியே வகுத்த வரிசை. தமிழ்நாட்டில் 69 விழுக்காடு இடஒதுக்கீடு, 1994ஆம் ஆண்டின் 45ஆம் சட்டப்படி நடைமுறையில் இருக்கிறது: பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினருக்கு 20, அருந்ததியர் உள்ஒதுக்கீடான 3 உட்பட ஆதிதிராவிடருக்கு 18, பழங்குடியினருக்கு 1. மீதி 31 விழுக்காடு பொதுப் போட்டி. பொதுப் போட்டி என்பது எந்த வகுப்பினரும் போட்டியிடக்கூடிய இடம். அது இடஒதுக்கீடு இல்லாதவர்களுக்கென்று தனியாக ஒதுக்கியதன்று. இதை அறியாமல், ‘நம் பிரிவுக்கு இடம் வரவில்லை’ என்று விண்ணப்பிக்காமலே விட்டுவிட்டவர்கள் நம் கடற்கரையில் பலர். அட்டவணையில் வகுப்பின் பக்கத்தில் மகளிர், மாற்றுத்திறனாளி, தமிழ்வழி என்ற குறிப்புகள் இருந்தால், அந்த வகுப்புக்குள்ளேயே அவர்களுக்கு அந்த இடம் என்று பொருள். தமிழ்வழியில் படித்தோருக்கு 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு. ஆனால் ஒன்றாம் வகுப்பு முதல் அந்தப் பதவிக்குரிய கல்வித் தகுதி வரை முழுவதும் தமிழ்வழியில் படித்ததற்கான சான்றிதழைப் பள்ளியிலிருந்தே வாங்கி வைத்திருக்க வேண்டும். தம்பி படித்த பள்ளிக்கு இந்த விடுமுறை முடிந்ததும் போய்வரச் சொல்லுங்கள்.

தம்பியின் தகுதிக்கு இளநிலை உதவியாளர், தட்டச்சர் ஆகிய இரண்டும் பொருந்தும். அரசு அலுவலகங்களில் இவ்விரு பதவிகளுக்கும் தொடக்க அடிப்படை ஊதியம் 19,500 ரூபாய். மாநிலப் பல்கலைக்கழகங்களும் பொதுவாக அரசு விகிதத்தையே பின்பற்றுகின்றன. ஹையர் இரண்டும் கையில் இருப்பது பெரிய பலம். அதோடு தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் கணினி அலுவலகத் தானியக்கத் தேர்வையும் எழுதிவிட்டால் தட்டச்சர் பணிக்குக் குறை சொல்ல இடமிருக்காது. பல்கலைக்கழகத்தை மட்டும் நம்பி இருக்க வேண்டாம், டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்கும் சேர்த்தே படிக்கட்டும். பல்கலைக்கழகங்களில் நிரந்தர அமைச்சுப் பணியிட (அலுவலக எழுத்துப் பணியிட) அறிவிப்புகள் அடிக்கடி வருவதில்லை.

விண்ணப்பக் கூர்ந்தாய்வு மேசையில் நடப்பதைச் சொல்கிறேன், இது பலருக்கும் தெரியாது. உறையைப் பிரித்ததும் தபால் பிரிவின் முத்திரையில் உள்ள தேதியைப் பார்ப்போம். கடைசி நாளுக்குப் பிந்தியது என்றால் அங்கேயே தனிக்கட்டில் போய்விடும். பிறகு ஒரு நீண்ட தாளில் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி: பெயர், பிறந்த தேதி, வகுப்பு, பட்டம் பெற்ற தேதி, விழுக்காடு, தட்டச்சுத் தேர்ச்சி, இணைப்புகள், குறிப்புரை. நிராகரிப்புகளில் பெரும்பகுதி அந்தக் குறிப்புரைக் கட்டத்தில் எழுதப்படும் சின்னச் சின்னக் காரணங்களால்தான்: கையெழுத்து இல்லை, சாதிச் சான்றிதழின் பின்பக்க நகல் இல்லை, மதிப்பெண்களைப் புள்ளியில் மட்டும் எழுதி விழுக்காட்டுக்கு மாற்றவில்லை, தகுதித் தேர்வு முடிவு கடைசி நாளுக்குப் பிறகு வெளியாகியிருக்கிறது. தகுதியுள்ள பிள்ளைகளின் பெயருக்கு நேரே ‘தகுதியின்மை’ என்று எழுதும்போது மனம் கனக்கும். இணையவழியில் விண்ணப்பித்தாலும், அச்சுப்படியை இணைப்புகளோடு விரைவஞ்சலில் அனுப்பச் சொல்லியிருக்கிறார்களா என்று கடைசிப் பக்கம் வரை படியுங்கள்.

பதில்: பரமக்குடி ஆசிரியர்

தங்கை, உதவிப் பேராசிரியர் தகுதி பற்றிய உங்கள் கேள்விக்கு நான் விடை சொல்கிறேன். ஆளுக்கொரு பதில் கிடைப்பதற்குக் காரணம், விதி இடையில் மாறியதுதான். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, பல்கலைக்கழகத் துறைகளில் உதவிப் பேராசிரியராக முனைவர் பட்டம் கட்டாயம் என்று முதலில் கூறியது. அதன் அமலாக்கம் 2023 ஜூலை 1 வரை தள்ளிவைக்கப்பட்டது. அந்த நாளிலேயே திருத்தம் வந்து கட்டாயம் விலக்கப்பட்டது. எனவே முதுகலையில் 55 விழுக்காடும், நெட் அல்லது மாநில அளவிலான செட் தேர்ச்சியும் இருந்தால் விண்ணப்பிக்கத் தகுதி உண்டு. 2009ஆம் ஆண்டு விதிகளின்படியோ அதன் பின் வந்த விதிகளின்படியோ முனைவர் பட்டம் பெற்றவருக்கு நெட் தேவையில்லை. 2025 ஜனவரியில் புதிய வரைவு விதிகளும் வெளியிடப்பட்டன. ஆகவே விண்ணப்பிக்கும்போது அந்த அறிவிப்பு எந்த ஆண்டு ஒழுங்குமுறையைக் குறிப்பிடுகிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

ஆனால் தகுதி உண்டு என்பது வேறு, நேர்காணலுக்கு அழைப்பு வரும் என்பது வேறு. 2018 ஒழுங்குமுறையின் இணைப்பில் பல்கலைக்கழகங்களுக்கான தேர்வுப் பட்டியல் மதிப்பெண் அட்டவணை ஒன்று உள்ளது. விண்ணப்பதாரர்களில் எவரை நேர்காணலுக்கு அழைப்பது என்று அதைக் கொண்டே முடிவு செய்கிறார்கள். நூற்றுக்கு, முனைவர் பட்டத்துக்கு மட்டும் 30 மதிப்பெண். நெட் தேர்ச்சிக்கு 5, இளநிலை ஆய்வு உதவித்தொகையோடு கூடிய நெட் தேர்ச்சிக்கு 7, செட் தேர்ச்சிக்கு 3. முதுகலையில் 60 முதல் 80 விழுக்காடு வரை எடுத்தவருக்கு 23. ஆய்வுக் கட்டுரைகளுக்கு அதிகபட்சம் 10, கற்பித்தல் அனுபவத்துக்கு அதிகபட்சம் 10. முனைவர் பட்டம் பெற்ற பலர் ஒரே பணியிடத்துக்குக் காத்திருக்கும் இக்காலத்தில், நெட் தேர்ச்சி ஒன்றை வைத்துக்கொண்டு அந்த 30 மதிப்பெண் இடைவெளியைக் கடப்பது மிகக் கடினம். அழைப்பு வந்த பிறகு இந்த மதிப்பெண்ணுக்கு வேலையில்லை. நேர்காணலில் எப்படிச் செய்கிறீர்கள் என்பதைக் கொண்டே தேர்வு அமையும்.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது ஒரே வழி. அறிவியல் பாடங்களுக்கான சிஎஸ்ஐஆர் நெட் தேர்வை உதவித்தொகை கிடைக்கும் அளவுக்குத் தயாரித்து எழுதுங்கள். அந்தத் தொகையோடு முனைவர் பட்டப் படிப்பில் சேருங்கள். கடல் உயிரியல் படித்தவர்கள் உயிர் அறிவியல் தாளை எழுதுவதே வழக்கம். பௌதிகக் கடலியல், கடல் வேதியியல் பக்கம் படித்தவர்களுக்குப் புவி, வளிமண்டலம், பெருங்கடல் அறிவியல் தாள் பொருந்தும். 2024 ஜூன் தேர்விலிருந்து முடிவுகளை மூன்று பிரிவாக அறிவிக்கிறார்கள்: உதவித்தொகையும் உதவிப் பேராசிரியர் தகுதியும் சேர்ந்தது ஒன்று, உதவிப் பேராசிரியர் தகுதியும் முனைவர் படிப்புச் சேர்க்கைத் தகுதியும் சேர்ந்தது ஒன்று, முனைவர் படிப்புச் சேர்க்கைக்கு மட்டுமானது ஒன்று. மூன்றாவது பிரிவில் வந்தவர்கள் தாங்கள் நெட் தேறிவிட்டதாக எண்ணி உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பித்து, நிராகரிக்கப்பட்டு வருந்துவதைப் பார்க்கிறேன். சான்றிதழில் உள்ள வரியை நிதானமாகப் படிக்க வேண்டும்.

மீன்வளப் பல்கலைக்கழகத்தையும் மற்றப் பல்கலைக்கழகங்களையும் ஒன்றாக எண்ண வேண்டாம். நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் பாடத்தைப் பொறுத்து மீன்வள அறிவியல் முதுகலையான எம்.எஃப்.எஸ்சி. பட்டத்தையும், வேளாண் விஞ்ஞானிகள் தேர்வு வாரியம் நடத்தும் நெட் தேர்வையும் கேட்பார்கள். கடல் உயிரியல் எம்.எஸ்சி.யை அங்கே எந்தப் பாடத்துக்கு ஏற்றுக்கொள்கிறார்கள் என்று ஒவ்வொரு அறிவிப்பிலும் பார்த்த பிறகே கட்டணம் செலுத்துங்கள்.

இடைக்காலத்தில் கௌரவ விரிவுரையாளராகச் சேர விரும்பினால் ஒரு விதியை நினைவில் கொள்ளுங்கள். அந்த அனுபவம் பிற்காலத்தில் நேரடி நியமனத்துக்கோ பதவி உயர்வுக்கோ கணக்கில் எடுக்கப்பட வேண்டுமானால், உரிய தகுதியோடு, முறையான தேர்வுக் குழுவின் பரிந்துரையின்பேரில் சேர்ந்திருக்க வேண்டும். வாங்கிய மொத்த ஊதியமும் நிரந்தர உதவிப் பேராசிரியரின் மாத ஊதியத்துக்குக் குறையாமல் இருந்திருக்க வேண்டும். நிரந்தர உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியமே 57,700 ரூபாய். மானியக் குழு 2019இல் கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 ரூபாய்க்கு மிகாமல் என்று வகுத்தது. நடைமுறையில் அதைவிடக் குறைவாகக் கொடுக்கும் இடங்களே மிகுதி. ஆண்டுக்கணக்கில் பாடம் நடத்தியவர்களின் உழைப்பு இந்த ஒரு நிபந்தனையால் கணக்கில் வராமல் போவது பெரும் அநீதி என்பது என் உறுதியான கருத்து. ஆனாலும் விதி மாறும்வரை அதைத் தெரிந்துகொண்டுதான் நாம் முடிவெடுக்க வேண்டும்.

பதில்: மண்டபம் திட்டப் பணியாளர்

அக்கா, நான் இந்தப் பக்கத்து ஆராய்ச்சித் திட்டம் ஒன்றில் வேலை செய்கிறேன். திட்டப் பணி நிலையானதன்று என்று கண்காணிப்பாளர் ஐயா சொன்னது முற்றிலும் சரி. எனினும் கடல் உயிரியல் படித்து, நெட் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு, நம் கரையில் அதைவிட நல்ல தொடக்கம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

1947இல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையிடம் பல ஆண்டுகள் மண்டபம் முகாமில்தான் இருந்தது; அது 1971இல் கொச்சிக்கு மாறிய பின்னும் அதன் மண்டபம் நிலையம் தொடர்ந்து இயங்குகிறது. கடற்பாசி ஆராய்ச்சிக்கென்று மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையமும் இங்கேயே இருக்கிறது. 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா 1986இல் அறிவிக்கப்பட்டது. பாக் விரிகுடாவில் 2022இல் கடற்பசுப் பாதுகாப்பகம் அறிவிக்கப்பட்டது. இந்தக் கடலைப் பற்றிப் பல்கலைக்கழகங்களும் ஆராய்ச்சி நிலையங்களும் மேற்கொள்ளும் திட்டங்களுக்குக் கள ஆட்கள் தேவைப்பட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நெட் தேர்ச்சியோடு இளநிலை ஆய்வாளராகச் சேர்ந்தால் 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை, அதோடு வீட்டு வாடகைப்படி. முதுநிலை ஆய்வாளருக்கு 42,000. நெட் இல்லாதவர்களைத் திட்ட உதவியாளர், களப்பணியாளர் பதவிகளுக்கு எடுப்பார்கள். தொகை குறைவாக இருக்கும். இந்த அறிவிப்புகள் நாளிதழில் அநேகமாக வருவதில்லை. துறையின் பக்கத்திலும் நிறுவன இணையதளத்திலும் சில நாள் அவகாசத்தில் வெளியிட்டு, குறித்த நாளில் நேர்காணலுக்கு நேரில் வரச் சொல்லிவிடுவார்கள். அதனால் வாரந்தோறும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இந்த வேலையில் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இயல்பாகவே ஒரு கை கூடுதல். அதிகாலையில் இறங்குதளத்தில் நின்று, எந்தப் படகு என்ன வலையில் என்ன கொண்டுவந்தது என்று பதிவு செய்யும்போது, கூடையில் கொட்டுவதைக் காரல், சூடை, நகரை, பாறை, சீலா என்று பார்த்த மாத்திரத்தில் பிரித்துச் சொல்லத் தெரிய வேண்டும். வெளியூரிலிருந்து வருபவர்கள் படத்தை வைத்துக்கொண்டு தடுமாறுவார்கள். ‘பொட்டுக் காரலா, வரிக் காரலா’ என்று மீனவர்கள் கேட்டால் அவர்களுக்குப் பதில் வராது. உங்களுக்கு அது வீட்டுப் பாடம். அதற்கு அறிவியல் பெயரைச் சேர்த்து எழுதும் பழக்கத்தை மட்டும் வளர்த்துக்கொள்ளுங்கள். நேர்காணலில் கடலில் இறங்கத் தயக்கமுண்டா, நீந்தத் தெரியுமா என்று கேட்பார்கள். பெண் என்பதால் படகில் அனுப்ப மாட்டார்கள் என்று நினைத்து நீங்களாகவே பின்வாங்கிவிடாதீர்கள்.

சேரும்போது நியமன ஆணையையும், விலகும்போது பணிக்காலம், பணியின் தன்மை, பெற்ற தொகை மூன்றும் தெளிவாக எழுதிய அனுபவச் சான்றிதழையும் கேட்டு வாங்கிவிடுங்கள். திட்டத் தலைவர் மாறுதலாகிப் போய்விட்டால் பிறகு அலைய நேரிடும்.

கேள்வியாளரின் தொடர் கேள்வி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கண்காணிப்பாளர் ஐயா எழுதியதை அப்பாவுக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். அந்த ஆளிடம் அறிவிப்பு எண்ணைக் கேட்டபோது, ‘அதெல்லாம் வெளியே சொல்லக் கூடாது’ என்று சொல்லித் தொடர்பைத் துண்டித்துவிட்டாராம். பணம் கொடுக்கும் எண்ணத்தை அப்பா கைவிட்டார்.

இன்னும் ஒரு சந்தேகம். ஒப்பந்த நிறுவனம் வழியாக ஒரு பல்கலைக்கழக அலுவலகத்தில் கணினித் தரவு உள்ளிடும் வேலைக்குத் தம்பியைக் கூப்பிடுகிறார்கள். சில ஆண்டுகள் பொறுமையாக இருந்தால் தானாக நிரந்தரம் ஆகிவிடும் என்று அந்த நிறுவனத்தார் சொல்கிறார்களாம். இது உண்மையா? ஒரு பல்கலைக்கழகத்தில் எத்தனை நிரந்தரப் பணியிடங்கள் காலியாக உள்ளன என்று நம்மைப் போன்றவர்கள் அறிந்துகொள்ள வழியுண்டா?

பதில்: ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்

அப்பா நல்ல முடிவு எடுத்தார். தானாக நிரந்தரம் ஆகும் என்பதை நம்ப வேண்டாம். உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2006 ஏப்ரலில் அளித்த தீர்ப்பின்படி, தற்காலிகமாகவோ தினக்கூலியாகவோ நீண்டகாலம் பணியாற்றியதை மட்டும் காட்டி ஒருவர் நிரந்தரப்படுத்துமாறு உரிமை கோர முடியாது. பொதுப் பணி நியமனம் திறந்த போட்டியில் நடைபெற வேண்டும். ஒப்புதல் பெற்ற பணியிடங்களில், நீதிமன்ற உத்தரவின் துணையின்றிப் பத்தாண்டுகளுக்கு மேல் வேலை செய்தவர்களுக்கு ஒரே ஒரு முறை விதிவிலக்கு அளிக்கச் சொன்னது. 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில், மத்திய நீர் ஆணையத்தில் நெடுங்காலம் தூய்மைப் பணி செய்தவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தபோது, நிரந்தரத் தன்மையுள்ள வேலையைத் தற்காலிகம் என்ற பெயரில் ஆண்டுக்கணக்கில் வாங்கிக்கொண்டு, பிறகு உமாதேவி தீர்ப்பைக் கேடயமாகக் காட்டுவது தகாது என்று உச்ச நீதிமன்றம் கண்டித்திருக்கிறது. ஆனால் இந்த நிவாரணமெல்லாம் பல்லாண்டு வழக்காடிய பிறகு கிடைப்பது. ஓர் இளைஞன் அதை நம்பி வாழ்க்கையைத் திட்டமிடக் கூடாது. மேலும், ஒப்பந்த நிறுவனத்தின் ஆளாகச் சேர்பவருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நேரடித் தொடர்பே இல்லை என்று வாதிடுவார்கள்.

அதற்காக வேலையே வேண்டாம் என்று சொல்லவில்லை. இப்போது வாங்குவதைவிடச் சம்பளம் கூடுதலாக இருந்தால், குரூப் 4 தேர்வுக்குப் படிக்க மாலை நேரம் மிஞ்சினால், போகட்டும். சேருமுன் வருங்கால வைப்பு நிதிக்கு எண் கொடுப்பார்களா என்று கேட்கச் சொல்லுங்கள். கொடுத்தால் மாதாமாதம் கணக்கில் பணம் ஏறுகிறதா என்று கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம். பல்கலைக்கழக அலுவலகத்தில் அவன் கற்க வேண்டியது ஒன்று இருக்கிறது: கோப்பு எழுதுவது. தபால் வந்ததும் தன்பதிவேட்டில் பதிவது, முந்தைய ஆணைகளைத் தேடி இணைப்பது, குறிப்பெழுதி மேலே அனுப்புவது ஆகியவற்றைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன், நாளை எந்த அரசு அலுவலகத்தில் சேர்ந்தாலும் முதல் வாரத்திலேயே கைகொடுப்பான்.

காலிப் பணியிடத் தகவலுக்கு, 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. வெள்ளைத்தாளில், அந்தப் பல்கலைக்கழகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தமிழிலேயே எழுதலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். ‘ஏன் நிரப்பவில்லை’ என்று கேட்டால் விளக்கம் சொல்லத் தேவையில்லை என்று தட்டிக்கழிப்பார்கள். ‘இளநிலை உதவியாளர், தட்டச்சர், ஆய்வக உதவியாளர் பணியிடங்களில் ஒப்புதல் பெற்றவை எத்தனை, பணியில் இருப்போர் எத்தனை பேர், காலியாக உள்ளவை எத்தனை, கடைசியாக எந்த நாளில் அறிவிப்பு வெளியிடப்பட்டது’ என்று ஆவணத்தில் உள்ளதை மட்டும் கேளுங்கள். அத்தகைய கேள்விக்குப் பதில் எழுதிய அனுபவம் எனக்கு உண்டு. எண்ணிக்கையைக் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும்.

பதில்: கீழக்கரை வாசகர்

சகோதரிக்கு, இங்கே யாரும் குறிப்பிடாத ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். மாநிலப் பல்கலைக்கழகத்துக்கும் மத்திய நிறுவனங்களுக்கும் நீங்கள் கொடுக்க வேண்டிய சான்றிதழ்கள் வெவ்வேறு. மாநிலத்தில் பி.வ. (பிற்படுத்தப்பட்ட வகுப்பினர்), மி.பி.வ. (மிகப் பிற்படுத்தப்பட்ட வகுப்பினர்) என்று வழங்கப்படும் நிரந்தரச் சாதிச் சான்றிதழ் போதும். இங்கே வருமான அடிப்படையில் வளமான பிரிவினரை (கிரீமி லேயர்) இடஒதுக்கீட்டிலிருந்து விலக்கும் முறை கிடையாது. மண்டபத்து மத்திய நிலையங்களுக்கோ திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கோ நெட் தேர்வுக்கோ விண்ணப்பிக்கும்போது, மத்திய அரசின் படிவத்தில், வளமான பிரிவைச் சேராதவர் என்று குறிப்பிடும் ஓபிசி (இதர பிற்படுத்தப்பட்டோர்) சான்றிதழ் வேண்டும். அதை அறிவிப்பு கேட்கும் காலத்துக்குள் புதிதாக வாங்கியிருக்க வேண்டும். எங்கள் தெருவில் நெட் தேறிய ஒரு பெண், பழைய மாநிலச் சான்றிதழை இணைத்ததால் ஓபிசி பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றப்பட்டு, வாய்ப்பை இழந்தார்.

இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தாலும், கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் ஆகியோரின் விசாரணை முடிந்து வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து வெளிவர நாள் பிடிக்கும். அறிவிப்பு வந்த பிறகு ஓடினால் கிடைக்காது. ஒவ்வொரு நிதியாண்டும் ஏப்ரலில் விண்ணப்பித்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தோடு உங்கள் பெற்றோரின் வருமான விவரத்தையும், பள்ளி மாற்றுச் சான்றிதழையும் இணைக்க வேண்டியிருக்கும். பெயரின் முதலெழுத்து ஆதாரிலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் ஒன்றுபோல இருக்கிறதா என்று இப்போதே பார்த்து, வேறுபாடு இருந்தால் ஆதாரில் திருத்திவிட்டுப் பிறகு விண்ணப்பியுங்கள்.